நன்றிச் சீட்டில் ஒரு பெயர்

பெலிசா: ...அதெல்லாம் வேண்டாம். அடிச்சுட்டு வேற பேரை எழுதுன்னு சொல்றேன்.

டெல்பின்: ஏன் மானாங், ஏன்க்கா? சீட்டைக் கொடுத்தாச்சே.

பெலிசா: கொடுத்தா திரும்ப வாங்கு. காலை எடு, காலை எடு! மெழுகு இன்னும் காயல. சேப்பலுக்குள்ள செருப்போட வந்து நிக்கறான் பாரு, பட்டம் வாங்கப் போறவன்.

டெல்பின்: கழட்டிட்டேன். அந்தத் தேங்காய் மட்டையை இப்படித் தள்ளுங்க. இந்தப் பக்கத்து வரிசையை நான் மிதிச்சுத் தேய்ச்சு விடறேன்.

பெலிசா: ஒண்ணும் வேண்டாம். உன் வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சு. இப்ப நீ தரை தேய்க்கறதை யாராவது பாத்தா அதுக்கும் ஏன்னு கேப்பாங்க.

டெல்பின்: கேட்டா கேக்கட்டுமே. ரெண்டு வருஷத்துக்கு மேல இதே தரையை உங்ககூட சேர்ந்து தேய்ச்சவன்தானே.

பெலிசா: பேச்சை மாத்தாத. இந்த வருஷம் வேலை செஞ்சு படிச்ச பிள்ளைங்க எத்தனை பேரு பட்டம் வாங்கறீங்க?

டெல்பின்: பன்னெண்டு.

பெலிசா: பதினோரு பேரு சீட்டுல யாரு பேரு? டீன் பேரு, வாத்தியார் பேரு, பாஸ்டர் பேரு. ஒருத்தி மட்டும் நூலகத்து அம்மா பேரை எழுதியிருக்கா, அதுகூட பரவாயில்ல. உன் சீட்டுல? சேப்பல் தரையைத் தேய்க்கறவ பேரு. ஆபீஸ்ல இருந்து மிஸ் ஹெர்மினா வந்து சொன்னப்ப நான் சிரிச்சேன். வேற பெலிசா யாரோ இருப்பான்னு நினைச்சேன்.

டெல்பின்: இந்த யுனிவர்சிட்டியில வேற பெலிசா இல்ல.

பெலிசா: அதான் பயமா இருக்கு.

டெல்பின்: பயமா? நன்றி சொல்றதுக்கு யாராவது பயப்படுவாங்களா?

பெலிசா: நான் பயப்படறேன். கரும்புக்காட்டுல இருந்து உன்னை இங்க கூட்டிட்டு வந்தது யாரு?

டெல்பின்: டாக்டர் மக்பனுவா.

பெலிசா: உங்க அம்மாகிட்ட வந்து உக்காந்து பேசினது யாரு? வேலை ஸ்காலர்ஷிப் வாங்கிக் கொடுத்தது யாரு? முதல் வருஷம் உனக்கு ஷூ இல்லேன்னு அவங்க வீட்டுக்காரர் ஷூவைக் கொண்டு வந்து கொடுத்தது யாரு?

டெல்பின்: அவங்கதான். அவங்களேதான். நான் இல்லேன்னு சொல்லலையே.

பெலிசா: அப்புறம்? அவங்க பேரை விட்டுட்டு என் பேரு எதுக்கு? எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஏதாவது மூட்டி விடணுமா?

டெல்பின்: அடிவயித்துல இருந்து சந்தேகப்படறீங்க மானாங்.

பெலிசா: என் வயித்தைப் பத்திப் பேசாத. யாரு உன்னை எழுதச் சொன்னா?

டெல்பின்: யாரும் சொல்லல.

பெலிசா: பாஸ்டரா?

டெல்பின்: இல்ல.

பெலிசா: அந்தச் செய்திமடல் பொண்ணா? எப்பப் பாத்தாலும் கேமராவைத் தூக்கிட்டு அலையுமே... ஏழை ஏழைக்கு உதவினான்னு ஒரு கதை கிடைச்சா நல்லாயிருக்கும்னு கேட்டாளா?

டெல்பின்: அவகிட்ட நான் பேசினதே இல்ல. சீட்டுல என்ன போட்டிருக்கு தெரியுமா? 'இங்கே உங்களைத் தாங்கிய ஒருவர்'. எனக்கு உங்க பேருதான் வந்துச்சு. எழுதினேன்.

பெலிசா: தாங்கினேனா... நான் உன்னை எங்க தாங்கினேன்?

டெல்பின்: உங்களுக்குத் தெரியாதா?

பெலிசா: ...எனக்கு எதுவும் தெரியாது. வாளி கால்ல படப்போகுது, தள்ளி நில்லு.

டெல்பின்: சரி, தெரியாதுன்னே வச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை சும்மா வந்து எழுந்து நில்லுங்க. அவ்வளவுதான்.

பெலிசா: அவ்வளவுதானா? நான் இங்க பத்தொன்பது நன்றி ஆராதனை பாத்தவ. முன்னால கூப்பிடுவாங்க. மல்லிகைச் சரத்தைக் கழுத்துல போடுவாங்க. அப்புறம் பாஸ்டர் மைக்கைக் கையில திணிச்சு, 'இந்தப் பிள்ளைக்கு நீங்க என்ன செஞ்சீங்க, சபைக்குச் சொல்லுங்க'ம்பாரு. ஆயிரம் பேரு உக்காந்திருப்பாங்க. முதல் வரிசையில வெளிநாட்டு ஆளுங்க. நான் என்ன சொல்லுவேன்?

டெல்பின்: நிஜத்தைச் சொல்லுங்க.

பெலிசா: ...எந்த நிஜத்தை?

டெல்பின்: இருக்கற நிஜத்தை.

பெலிசா: டோங்... தம்பி, என் முகத்தைப் பாரு. தரையைப் பாக்காத, என்னைப் பாரு. யாராவது உங்கிட்ட என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?

டெல்பின்: எதைப் பத்தி?

பெலிசா: எதையாவது.

டெல்பின்: இல்லையே. சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?

பெலிசா: ஒண்ணும் இல்ல. இங்க பாரு, நான் உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்னு வச்சுக்கோ. என் பொண்ணு ஜோவிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. வேலை ஸ்காலர்ஷிப்ல அவ படிப்பு ஓடுது. அது போச்சுன்னா அவ எங்க போவா? மணிலாவுக்குக் கப்பல் ஏறி யாரு வீட்டுலயாவது துணி துவைப்பா. அவ பட்டம் வாங்கற வரைக்கும் என் பேரு எந்தக் காகிதத்துலயும் வரக்கூடாது. நல்லதாவும் வேண்டாம், கெட்டதாவும் வேண்டாம்.

டெல்பின்: நன்றி சொன்னா ஸ்காலர்ஷிப் எப்படிப் போகும்?

பெலிசா: போகும். ஒரு பேரு மேல வெளிச்சம் விழுந்தா அதுக்குக் கீழ என்ன கிடக்குன்னு எல்லாரும் குனிஞ்சு பாப்பாங்க.

டெல்பின்: கீழ என்ன கிடக்கு?

பெலிசா: ...மெழுகு டப்பாவை மூடு, காயுது.

ஹெர்மினா: ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா! நல்லதாப் போச்சு. ஆபீஸ்ல இருந்து ஓடி வர்றேன். மானாங், ஞாயித்துக்கிழமை ஆராதனைத் தாளு நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. உங்க முழுப்பேரு சொல்லுங்க.

பெலிசா: போடாதீங்க மிஸ். அவன் மாத்தப் போறான்.

ஹெர்மினா: மாத்தறியா?

டெல்பின்: இல்ல மிஸ்.

ஹெர்மினா: என்னப்பா இது, ஆளுக்கொரு பேச்சு. டெல்பின், தப்பா நினைக்காத, உன் சீட்டைப் பாத்து எங்க ஆபீஸே கூடி உக்காந்து பேசிச்சு. டாக்டர் மக்பனுவா ஒண்ணும் சொல்லல. ஆனா காப்பியைக் குடிக்காம வச்சுட்டுப் போயிட்டாங்க.

டெல்பின்: டாக்டரை நான் போய்ப் பாக்கறேன்.

ஹெர்மினா: பாக்கறப்ப கையில ஏதாவது எடுத்துட்டுப் போ. அது இருக்கட்டும்... உண்மையைச் சொல்லு. மானாங்குக்கு நன்றியா, மாமியாருக்குச் சோப்பா?

டெல்பின்: மிஸ்!

ஹெர்மினா: ஏன், ஜோவி நல்ல பொண்ணுதானே? கலரும் இருக்கு, படிப்பும் இருக்கு.

பெலிசா: என் பொண்ணை இழுக்காதீங்க மிஸ். அவ இவன் இருக்கற பக்கம்கூடத் திரும்ப மாட்டா.

ஹெர்மினா: அதைத்தான் சொல்றேன்! நானும் மூணு வருஷமாப் பாக்கறேன். இவன் எதிர்ல வந்தா அவ வழியை மாத்திக்கிட்டு அந்தத் தூங்குமூஞ்சி மரத்தைச் சுத்திப் போறா. சும்மா ஒரு பொண்ணு அப்படிச் சுத்திப் போவாளா? எங்க காலத்துல அதுக்கு ஒரே அர்த்தம்தான்.

டெல்பின்: எனக்கு அவகிட்ட பேச்சே கிடையாது மிஸ். 'கொஞ்சம் தள்ளு'ன்னுகூட அவ எங்கிட்டச் சொன்னதில்ல.

ஹெர்மினா: சரி சரி, முகம் சுண்டிப்போச்சு, விட்டுட்டேன். மானாங், இன்னொரு விஷயம். செய்திமடல் பொண்ணு இவனைப் பத்தி ஒரு பக்கம் எழுதப் போறாளாம். கரும்பு வெட்டற வீட்டுப் பிள்ளை வேளாண்மையில பட்டம் வாங்கறான்னா சும்மாவா? நாளைக்கு உங்களையும் வந்து கேப்பா. இவன் பைலை எடுத்துக் கொடுக்கச் சொல்லி எங்கிட்ட எழுதிக் கேட்டிருக்கா.

பெலிசா: ...பைலா?

ஹெர்மினா: ஆமா. முதல் வருஷத்துல இருந்து.

பெலிசா: அதுல என்னவெல்லாம் இருக்கும் மிஸ்?

ஹெர்மினா: எல்லாம்தான். மார்க்கு, வேலை நேரம், அந்த அட்டை விவகாரம்...

டெல்பின்: அதையும் எழுதுவாங்களா?

ஹெர்மினா: எழுத மாட்டா, பயப்படாத. ஆனா படிப்பா. யாருக்குத்தான் தெரியாது? புதன்கிழமை சேப்பலுக்கு வராம வருகை அட்டையை மட்டும் பெட்டிக்குள்ள போட வச்சான், அஞ்சு வாரம். மாட்டிக்கிட்டான். ஒரு செமஸ்டர் வேலை போச்சு, சாப்பாடு போச்சு. உன்னைப் பத்தித்தான் சொல்றேன், நீ ஏன் ஜன்னலைப் பாக்கறே?

டெல்பின்: அப்பா கையில வெட்டுக்கத்தி இறங்கிடுச்சு மிஸ். அவரு வரிசையை யாராவது வெட்டலேன்னா கங்காணி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவான். புதன்கிழமைதான் எங்க பக்கத்துக்கு ஆலை லாரி வரும். நான் போய் வெட்டி ஏத்தினேன். என் அட்டையை ரூம்ல இருந்த பையன் போட்டான். தப்புதான்.

ஹெர்மினா: தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன்... உன்னைப் போட்டுக் கொடுத்த அந்த மொட்டைக் கடுதாசியை எழுதினது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல. விசாரிச்ச கமிட்டியில டாக்டர் மட்டும்தான் பாத்தாங்க. ரெண்டாயிரம் அட்டை விழற பெட்டியில ஒருத்தனோட அட்டையை மட்டும் அஞ்சு வாரம் கவனிச்சு எழுதியிருக்கான்னா, அவன் சும்மா எழுதல. உன் மேல கண்ணு வச்சு எழுதியிருக்கான். இல்லையா மானாங்? அட்டையெல்லாம் நீங்கதானே எண்ணி எங்ககிட்ட கொண்டு வருவீங்க. உங்களுக்குக்கூடச் சந்தேகம் வரலையா, யாருன்னு?

பெலிசா: நான் எண்ணிக் கட்டறதோட சரி மிஸ். பேரு பாக்க மாட்டேன்.

ஹெர்மினா: ம்... சரி, நான் போறேன். நாலு மணிக்கு வந்து கேப்பேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. இல்லேன்னா இருக்கற பேரே அச்சுக்குப் போயிடும். ஐயோ, வழுக்குது! என்ன மானாங், ஆளையே கொல்லற மாதிரி மெழுகு போட்டிருக்கீங்க!

பெலிசா: ஓரமாப் போங்க மிஸ்... இன்னும் ஓரமா.

டெல்பின்: போயிட்டாங்க.

பெலிசா: தெரியுது.

டெல்பின்: ஏன் மட்டையைக் கீழ போட்டுட்டீங்க?

பெலிசா: காலையில இருந்து சாப்பிடல. அதான்.

டெல்பின்: வெளிய போய் ஏதாவது வாங்கிட்டு வரட்டா? வாழைப்பழம் பொரிக்கறவன் கேட்டுல நிக்கறான்.

பெலிசா: உங்கிட்ட இருந்து எனக்கு ஒண்ணும் வேண்டாம்! ஒண்ணும்... டோங், எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. நீ சின்னப் பையன் இல்ல. நீ என்னை மேடையில ஏத்தி, மைக்கைக் கையில கொடுத்து, ஆயிரம் பேருக்கு முன்னால முழிக்க வச்சு, வேடிக்கை பாக்கணும்னுதான் எழுதியிருக்கே.

டெல்பின்: எதுக்கு அப்படிச் செய்யப் போறேன்?

பெலிசா: எதுக்குன்னு உனக்குத் தெரியும்.

டெல்பின்: நீங்களே சொல்லுங்க.

பெலிசா: என் வாயால வரணுமா?

டெல்பின்: நான் ஒண்ணும் கேக்கல மானாங். நீங்கதான் ஒரு மணி நேரமா என்னைக் கேள்வி கேக்கறீங்க. உக்காருங்க. தரை காயட்டும்.

பெலிசா: அட்டை ஈரமா இருந்துச்சு.

டெல்பின்: என்னது?

பெலிசா: உன் ரூம் பையன் குளிச்சுட்டு ஓடி வந்து ரெண்டு அட்டையையும் ஒட்டி ஒட்டிப் போடுவான். முதல் வாரம் பாத்தேன், விட்டுட்டேன். ரெண்டாவது வாரமும் விட்டுட்டேன். எத்தனை பேரு அப்படிப் போடறாங்க, நான் யாரைப் பத்தியாவது எழுதியிருக்கேனா? பத்தொன்பது வருஷத்துல ஒருத்தனைப் பத்தியும் எழுதினதில்ல.

டெல்பின்: என்னைத் தவிர.

பெலிசா: உன்னைத் தவிர.

டெல்பின்: ம்.

பெலிசா: கத்த மாட்டியா?

டெல்பின்: சேப்பல்ல கத்தக்கூடாதுன்னு நீங்கதானே விரட்டுவீங்க.

பெலிசா: விளையாடாத. ஏன்னு கேளு.

டெல்பின்: ஏன்?

பெலிசா: ஜோவி பேரு வேலை ஸ்காலர்ஷிப் வரிசையில முதல் ஆளா நின்னுச்சு. எட்டு மாசம். முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல. உள்ள இருக்கறதுல யாராவது ஒருத்தர் விழுந்தாத்தான் அடுத்த ஆளு உள்ள வர முடியும். அவ அப்பா படகு கடல்ல முழுகினதுல இருந்து வீட்டுல என்ன இருக்கு? நான் தினமும் ஜெபம் பண்ணினேன். யாராவது விழணும்னு, இதே இடத்துல முட்டி போட்டு ஜெபம் பண்ணினேன். அப்புறம் அந்த மூணாவது புதன்கிழமை, உன் அட்டை கையில ஒட்டிக்கிட்டு வந்துச்சு...

டெல்பின்: அதை ஜெபத்துக்கு வந்த பதில்னு எடுத்துக்கிட்டீங்க.

பெலிசா: எடுத்துக்கிட்டேன். இன்னும் ரெண்டு வாரம் பாத்து எழுதினேன். கணக்கு சரியா இருக்கணுமே.

டெல்பின்: அஞ்சும் சரியாத்தான் இருந்துச்சு. பொய்யா ஒரு வரிகூட இல்ல.

பெலிசா: ...நீ எப்படிப் பாத்தே?

டெல்பின்: கமிட்டி ரூம்ல டாக்டர் ஜன்னல் பக்கம் உக்காந்து கடுதாசியைத் தூக்கிப் பிடிச்சுப் படிச்சாங்க. பின்னாடி வெயிலு. எழுத்து திருப்பித் தெரிஞ்சாலும் யாரு கைன்னு தெரியாதா? பீடத்துப் பூ யாரு கொண்டு வரணும்னு வாராவாரம் நீங்கதானே பலகையில எழுதறீங்க. அதை அழிச்சுத் துடைச்சவன் நான்.

பெலிசா: அப்படின்னா... அன்னிக்கேவா?

டெல்பின்: அன்னிக்கே. அடுத்த திங்கக்கிழமை டைனிங் ஹால் பக்கம் போனேன். என் நம்பர் போட்ட சாப்பாட்டுக் கார்டு ஜோவி கழுத்துல தொங்கிச்சு. முப்பத்தொண்ணு. மிச்சமும் புரிஞ்சுபோச்சு.

பெலிசா: யேசுவே... மூணு வருஷமா தெரியுமா உனக்கு? தெரிஞ்சே, மறு செமஸ்டர் வேலை திரும்பக் கிடைச்சதும் திரும்ப இங்கயே வந்து எங்கூட மட்டையை மிதிச்சியா? குட் மார்னிங் மானாங், குட் மார்னிங் மானாங்னு...

டெல்பின்: மறுபடியும் சேப்பலைத்தான் கொடுத்தாங்க, வந்தேன். அன்னிக்கு வேற என்ன சொல்லணும்?

பெலிசா: டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஜோவி இடம் போயிருக்கும். உன் இடம் உனக்கு வந்திருக்கும்.

டெல்பின்: சொல்லத்தான் நினைச்சேன். அவங்க வாசல் வரைக்கும் போனேன், ரெண்டு தடவை.

பெலிசா: ஜோவிக்கு இது எதுவும் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவளை இதுல இழுக்காத.

டெல்பின்: அவளைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே.

பெலிசா: சரி. எல்லாம் தெரிஞ்சுடுச்சு. இப்பச் சொல்லு, என் பேரை ஏன் எழுதினே? பழிக்குத்தானே?

டெல்பின்: பாதி அதுக்குத்தான்.

பெலிசா: பாத்தியா!

டெல்பின்: பேனாவைக் கையில எடுத்தப்ப அதுதான் இருந்துச்சு. நீங்க மைக்கைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கறதை நான் பாக்கணும். ஒரு நிமிஷம் போதும். அப்படித்தான் எழுத ஆரம்பிச்சேன்.

பெலிசா: மீதிப் பாதி?

டெல்பின்: சோறு.

பெலிசா: ...என்ன சோறு?

டெல்பின்: மானாங், இப்ப நீங்க விளையாடாதீங்க. அந்த அஞ்சு மாசம் நான் எங்க இருந்தேன்? புது ஜிம்னேசியத்துக்கு மணல் சுமந்தேன். காலையில ரெண்டு மணி நேரம் கிளாஸ், அப்புறம் மணல், சாயங்காலம் கிளாஸ். கார்டு இல்ல, சாப்பாடு இல்ல. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மத்த ஆளுங்க பொட்டலத்தைப் பிரிப்பாங்க. என்னால அதைப் பாக்க முடியாது, இந்தச் சேப்பலுக்குப் பின்னாடி வந்து படிக்கட்டுல படுப்பேன். மூணாவது நாளு வந்தப்ப அங்க ஒரு தட்டு இருந்துச்சு. நீல எனாமல் தட்டு, வாழையிலை போட்டு மூடி, மேல ஒரு கல்லு வச்சு. நாய்க்கு வச்சிருக்காங்களோன்னு பாத்தேன். நாய்க்கு யாரு இலை போட்டு மூடுவா? தின்னேன். மறுநாளும் இருந்துச்சு. அதுக்கு மறுநாளும். திங்கள்னா பயறு, வெள்ளின்னா மீனு. டைனிங் ஹால்ல அன்னிக்கு என்ன சமையலோ அதேதான். மிச்சத்தை உங்களுக்குக் கொடுப்பாங்க போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா மிச்சம் மாதிரி இருக்காது. முழுத் துண்டு மீனா இருக்கும்.

பெலிசா: அது என் தட்டுன்னு உனக்கு எப்படி...

டெல்பின்: பின்னாடி ரூம்ல ஆணியில தொங்கும், ஓரம் உடைஞ்சது. அதுக்கு முன்னாடியே பாத்திருக்கேனே.

பெலிசா: தெரிஞ்சே தின்னியா? உன்னைப் போட்டுக் கொடுத்தவ தட்டுன்னு தெரிஞ்சே?

டெல்பின்: பசி மானாங். மணல் சுமந்துட்டு வந்தவனுக்கு யாரு தட்டுன்னு பாக்கற அளவுக்குத் தெம்பு இல்ல. முதல் நாளு தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு உங்களைத் திட்டினேன். ஒரு மாசம் அப்படித்தான். தின்னுட்டுத் திட்டுவேன். கழுவாம அப்படியே வச்சுட்டுப் போவேன், வேணும்னே.

பெலிசா: தெரியும். காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும்.

டெல்பின்: அப்புறம் திட்டறது நின்னுபோச்சு. எப்ப நின்னுச்சுன்னு ஞாபகம் இல்ல.

பெலிசா: அதுக்காகவா...

டெல்பின்: டாக்டர் எனக்கு நிறையச் செஞ்சாங்க. இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா அந்தக் கமிட்டித் தாள்ல கையெழுத்துப் போட்டதும் அவங்கதான். போட்டுட்டு, 'இது உனக்கு ஒரு பாடம்'னு சொல்லி எனக்காக ஜெபம் பண்ணினாங்க. நான் எங்க சாப்பிடறேன்னு கேக்கல. பாஸ்டரும் கேக்கல. இங்க ரெண்டாயிரம் பேரு இருக்காங்க, எல்லாரும் ஜெபம் பண்ணினாங்க. தட்டு ஒண்ணுதான் வந்துச்சு.

பெலிசா: டோங்...

டெல்பின்: இருங்க, சொல்லிடறேன். கடுதாசியை நான் மறக்கல. மன்னிச்சுட்டேன்னும் சொல்ல மாட்டேன், அது இன்னும் உள்ளதான் கிடக்கு. ஆனா நீங்க செஞ்சதுக்கு நீங்களே வெக்கப்பட்டுத் தினமும் கொண்டு வந்து வச்சீங்க. உங்க வீட்டுல இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை எங்க அம்மா வருவாங்க. அவங்ககிட்ட நான் காட்டணும், 'இவங்கதான் எனக்குச் சோறு போட்டாங்க'ன்னு. கடுதாசியைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க மைக்குல 'சோறு வச்சேன்'னு சொல்லுங்க, உக்காந்துடுங்க. ஜோவிக்கு ஒண்ணும் ஆகாது.

பெலிசா: சோறு வச்சேன்னு சொல்லணும்.

டெல்பின்: ரெண்டே வார்த்தை.

பெலிசா: சேப்பல்ல நின்னு.

டெல்பின்: ஆமா. ஏன், அதுல என்ன?... அழறீங்களா?

பெலிசா: அழல. கண்ணுல மெழுகு.

டெல்பின்: முகத்தைத் துடைங்க. மிஸ் வர்றாங்க, ஹை ஹீல்ஸ் சத்தம் கேக்குது.

ஹெர்மினா: நாலு மணி ஆச்சு! ஓரமாவே வந்துட்டேன், பாத்தீங்களா? என்ன, சண்டை தீர்ந்துச்சா? அச்சுக்கு விடலாமா?

டெல்பின்: விடலாம் மிஸ். மானாங் வர்றாங்க.

பெலிசா: விடாதீங்க.

டெல்பின்: மானாங், இப்பத்தானே...

பெலிசா: நீ சும்மா இரு. மிஸ், பேரு தப்பா இருக்கு. பெலிசாவை அடிங்க. ஜோவெலின்னு போடுங்க.

ஹெர்மினா: யாரு, உங்க ஜோவியா? நான் சொன்னேன்ல! நான் அப்பவே சொன்னேன்ல!

டெல்பின்: மிஸ், ஒரு நிமிஷம். மானாங், என்ன இது? அவ எதுக்கு? அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல...

ஹெர்மினா: மானாங், விளையாட்டு இல்லையே? முன்னால வந்து நிக்கணும். பாஸ்டர் கேப்பாரு, எல்லாருக்கும் முன்னால பதில் சொல்லணும். அந்தப் பொண்ணு வாயே திறக்காதே.

பெலிசா: கேட்டா சொல்லுவா. அவ என்னை மாதிரி இல்ல. கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவா, முதல்ல இருந்து. ஒண்ணையும் மறைக்க மாட்டா.

டெல்பின்: மானாங், வேண்டாம். அவ இடம்...

பெலிசா: தெரியும் டோங். போடுங்க மிஸ்.

ஹெர்மினா: போடறேன், போடறேன். ஆனா எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அப்படி என்னதான் செஞ்சா அவ இவனுக்கு?

பெலிசா: ஒரு செமஸ்டர் முழுக்க அவ மத்தியானச் சோத்தைத் தின்னவே இல்ல மிஸ். டைனிங் ஹால்ல வாங்கி, இலையில கட்டி, பின்பக்கப் படிக்கட்டுல இவனுக்கு வச்சா. 'இது அவன் கார்டும்மா, அவன் சோறும்மா, நீ தடுத்தா நான் படிப்பை விட்டுடுவேன்'னு எங்கிட்டச் சொல்லிட்டு வச்சா. தட்டுதான் என்னோடது. ஒரு நாள்கூட நான் அதுல ஒரு பிடி சோறு போட்டதில்ல.